மூன்று அட்சரம்

கிணற்றுக் கப்பி அன்று காலை கத்தவில்லை.

குலசிங்கம் வேலைக் கொட்டில் வாசலில் குந்தியிருந்து தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தார். மனைவி சறோஜினிதேவி வழமைபோலத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். வாளி இறங்கியது, அடியில் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது, கயிறு ஈரம் சொட்டச் சொட்ட மேலே ஏறியது, சோளகக் காற்றில் வேலிப் பனைகளின் காவோலைகள் ஒன்றோடொன்று உரசிச் சடசடத்தன, பின்வளவில் ஆடு கத்தியது. எல்லாம் இருந்தன. இருபது வருடமாக ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தரம் கிறீச்சிட்டு அயலையே எழுப்பிவந்த அந்தத் துருப்பிடித்த கப்பி மட்டும், வாயில் துணி அடைத்ததுபோலச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, கப்பிக்கு எண்ணெய் விட்டனீங்களோ?” என்று சறோஜினிதேவி கேட்டார்.

“இல்லையே.”

“பின்னை ஆர் விட்டது? சத்தத்தையே காணேல்லை. எண்டாலும் நல்லதுதான். கலியாண வீட்டிலை உது கத்திக்கொண்டு நிண்டா வாற சனம் என்ன சொல்லும்?”

மகள் நிசாந்தினிக்குக் கலியாணம். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

சறோஜினிதேவி வாளியோடு குசினிக்குள் போனபிறகு குலசிங்கம் கிணற்றடிக்குப் போய்க் கப்பியைக் கையால் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்ப் பசையே இல்லை. விரலில் துரு பொடியாக ஒட்டியது. இரும்பு இரும்போடு அரைபடுவது விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. நகத்தால் சுண்டினார். ‘டிங்’ என்றது. சுற்றினால் ஒன்றுமில்லை.

முதல் நாள் பின்னேரம்தான் அவர் கப்பியை வரைந்து முடித்திருந்தார். கப்பியை என்றால் கப்பியை அல்ல, அதன் சத்தத்தை. அவருடைய படங்களில் ஆளும் இராது, மரமும் இராது. சாம்பல் நிறத்தில் மேலேறி நடுவில் பிளந்துபோகும் ஒரு கோடும், அதன் விளிம்பில் துரு நிறத்தில் சில கீறல்களும் இருந்தால் அதுதான் கப்பி. பார்க்க வருபவர்கள், “இது என்ன அண்ணை?” என்பார்கள். “சத்தம்,” என்பார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், பாவம் மனுசன், ஒருகாலம் எப்பிடி இருந்தவர் என்று கதைத்துக்கொள்வார்கள்.

ஒருகாலத்தில் அவர் தவில்காரர். தீவுப்பகுதியில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் குலசிங்கத்தின் மேளம் எந்த நாளில் ஓய்வாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நாள் பார்க்கப் போவார்கள். பதினொரு வருடத்துக்கு முன் தவிலை உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றியவர், அதன்பிறகு இறக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு, வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு கொந்திறாத்துக்காரரோடு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கப் போனார். யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திர ஆசிரியரின் புதுவீட்டுச் சுவரில் நீலம் அடித்துக்கொண்டிருந்தபோது, அவரை அறியாமலே கை ஒரு தவில் சொற்கட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. இரண்டு நீளம், மூன்று குட்டை, ஒரு வெட்டு. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று குலசிங்கம் ஏணியிலிருந்து இறங்கினார். “இந்தச் சுவரை இனி ஒருத்தரும் தொடவேண்டாம்,” என்று சொல்லி, அந்த மனிதர் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் இந்த ஓவியப் பிழைப்பு.

கப்பி நின்றதைக் குலசிங்கம் தற்செயல் என்று தள்ளிவிடப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. அன்றே வேலிப் படலையின் சத்தத்தை வரைந்தார். மரப்படலை, திறந்தால் முதியவர் இருமுவதுபோல இரண்டு தரம் இழுக்கும். இரண்டு பழுப்புப் பட்டை, இடையில் ஒரு வெள்ளை. மத்தியானம் தொடங்கிப் பின்னேரம் நான்கு மணிக்கு முடித்தார். நான்கரைக்கு நிசாந்தினி வேலையால் வந்தாள். படலை திறந்ததையும் சாத்தியதையும் அவர் கண்ணால்தான் கண்டார்.

“என்னப்பா அப்பிடிப் பாக்கிறீங்கள்?” என்றாள் அவள்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. நீர் போய்ச் சாப்பிடும்.”

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டது. அது கேட்டதும்தான் அவர் கொட்டில் பக்கம் திரும்பினார். ஏனென்றால் கொட்டில் மூலையில், அடுத்த வாரம் தொடலாம் என்று கரியால் மட்டும் குறித்து வைத்திருந்த படம் அந்தச் சிரிப்புத்தான். அவர் ஓடிப்போய் அதைச் சட்டத்திலிருந்து கிழித்துக் கிணற்றடியில் போட்டுக் கொளுத்தினார். எரிந்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

துணி எரியும்போது ஒரு வாசம் வந்தது. புகை வாசம் அல்ல. நெடுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாசம்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினார். அதை நினைத்தால்தான் அவருக்கு அவர்மீதே கோபம் வந்தது.

ஆடி பிறந்த கிழமை, ஊர்காவற்றுறைப் பக்கம் பரராசசிங்கத்தாரின் பெரிய வீட்டை விற்பதற்காகத் துப்புரவாக்கினார்கள். பரராசசிங்கத்தார் தெற்கே கடை வைத்திருந்து, பிறகு கனடாவுக்குப் போனவர். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உறவுக்காரி மீனாம்பிகை, ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து குலசிங்கத்தின் முன் வைத்தார்.

“அண்ணை, நீங்கள் துணியிலைதானே கீறுறனீங்கள். இதைக் கொண்டுபோங்கோ. ஒரு பூச்சிகூட அரிக்கேல்லை. எனக்கு வீட்டிலை வைச்சிருக்க விருப்பமில்லை.”

“இது...”

“ஓம், அதுதான். கஜாலினியின்ரை கலியாணத்துக்குக் கட்டின மேற்கட்டி.”

மணவறைக்கு மேலே, கூரைக்கும் ஆட்களுக்கும் இடையில் வெள்ளைத் துணியால் விதானம்போலக் கட்டுவதுதான் மேற்கட்டி. பரராசசிங்கத்தார் தன் மகளுக்கென்று கோடித்துணியாக வாங்கிக் கட்டியது. நல்ல தடித்த பருத்தி. குலசிங்கம் விரலால் தட்டிப் பார்த்தார். இழுத்துக் கட்டினால் தோலைப்போல நிற்கும் என்று பட்டது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கொண்டுவந்து மாப்பசை பூசி இழுத்துக் கட்டினார். தவில்காரன் விரலுக்குக் கூடு செய்யத் துணிச் சுருளில் பூசுகிற அதே பசைதான். அதில் முதலில் வரைந்தது நிசாந்தினிக்கான கலியாணப் பரிசு. மகளுடைய கலியாணத்தில் தன்னால் வாசிக்க ஏலாது, ஆனபடியால் தாலி ஏறும்போது விழுகிற கெட்டிமேளத்தை அவளுக்கு வரைந்து கொடுப்பம் என்று நினைத்தார். சிவப்பும் மஞ்சளும் இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த படம். நிசாந்தினி அதைத் தன் கட்டிலுக்கு நேரே மாட்டிவிட்டு, “அப்பா, பாக்க எனக்குக் கேக்குது,” என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கப்பி, பிறகு படலை.

இப்போது கொட்டிலில் மிச்சம் இருந்தது, ஒரு படத்துக்கு அளவாக வெட்டிய துண்டும், மடித்து வைத்த ஒரு நீளத் துணியும். மடித்த துணியின் ஒரு மூலையில் அவருடைய பெருவிரல் நீலமாகப் பதிந்திருந்தது.

அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. வரைந்தால் சத்தம் போய்விடுமென்றால், போகவேண்டிய சத்தம் ஒன்று இருக்கிறதே.

கெட்டிமேளம் எதற்கென்று தவில்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ, அழுகையோ, ஆகாத சொல்லோ பெண்ணின் காதில் விழக்கூடாது. மற்றதெல்லாம் சங்கீதம்; அது மட்டும் காவல். ஐயர் கையை உயர்த்தினால் அந்தக் கணமே கை இறங்கவேண்டும்.

பதினொரு வருடத்துக்கு முன், அந்தப் பெரிய வீட்டுக் கூடத்தில் நடந்த கஜாலினியின் கலியாணத்தில் ஐயர் கையை உயர்த்தியபோது, வீடியோக்காரன் குறுக்கே வந்து, “அண்ணை, ஒரு செக்கன் பொறுங்கோ,” என்று குலசிங்கத்துக்குக் கையைக் காட்டினான். கமராவில் ஏதோ சரியில்லையாம். குலசிங்கம் பொறுத்தார். மாப்பிள்ளை பொறுக்கவில்லை, அவருடைய கைகள் அதற்குள் பெண்ணின் கழுத்தடியில் முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டன. மூன்று அட்சரம். அவ்வளவுதான். ஒருவர் மூன்று தரம் கை தட்டுகிற நேரம். அந்த வெளிக்குள் மேலேயிருந்து, மேற்கட்டிக்கும் ஓட்டுக்கூரைக்கும் இடையிலிருந்து, அது கேட்டது. உலர்ந்த நாக்கு மேலண்ணத்தைவிட்டுப் பிரிகிற சத்தம். பிறகு உள்ளே இழுபடும் மூச்சு. பிறகு குரலின் தொடக்கம். அதற்குள் குலசிங்கம் பதறி அடித்தார். கெட்டிமேளம் அதன்மேல் விழுந்து மூடியது.

சபையில் ஒருவரும் ஒன்றும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கஜாலினி மட்டும் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள். வீடியோவிலும் அது இருக்கிறது. பார்த்துவிட்டு உதடு அசைக்கிறாள்.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம், தாய் குசினிக்குள் கறி தாளித்துக்கொண்டு நிற்க, கூடத்திலிருந்து கஜாலினியின் குரல், “ஓம், வாறன்,” என்றது. ஆர் கூப்பிட்டது என்று தாய் வந்து பார்த்தார். வாசற்கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. கூடத்தின் நடுவில், முன்பு மணவறை இருந்த இடத்தில், ஒரு கதிரை. கதிரைக்குப் பக்கத்தில் கழற்றி வைத்த இரண்டு செருப்பு. ஓடு ஒன்றும் அசைந்திருக்கவில்லை. பொலிஸ் வந்தது, கடலில் தேடினார்கள், இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று ஊர் கதை கட்டியது. கஜாலினி வரவேயில்லை.

கனடாவுக்குப் போகமுன் கஜாலினியின் தாய் குலசிங்கத்தின் படலையடிக்கு வந்து, உள்ளே வராமல், ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அண்ணை, நீங்கள் ஏன் பிந்தினீங்கள்?”

அதன்பிறகு ஐயர் கையை உயர்த்தும்போதெல்லாம் குலசிங்கத்தின் கை மேலேயே நின்றுவிட்டது. எத்தனை வைத்தியம் செய்தும் இறங்கவில்லை. அந்த மூன்று அட்சரமும் அவருடைய காதுக்குள் தங்கிவிட்டது. முன்பு மாதத்துக்கு ஒருக்கால் கேட்டது, நிசாந்தினிக்கு நாள் வைத்ததிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் கேட்டது.

அதைத்தான் வரைவதென்று முடிவு செய்தார். தன் பிள்ளையின் காதில் அது விழக்கூடாது. வேறொன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் எடுத்தது. வெயில் உச்சிக்கு வந்து, காற்று விழுந்து, ஊரே வாயை மூடிக்கொள்ளும் நேரத்தில்தான் அது கேட்கும், ஆனபடியால் அந்த நேரத்தில்தான் வரைய முடிந்தது. கொட்டிலுக்குள் மண்ணெண்ணெயும் வியர்வையும் அந்த மூடிய வாய் வாசமும் கலந்து தலையைச் சுற்றவைத்தன. எலும்பு நிறத்தில் ஒரு கோடு. அது நடுங்கித் தடித்து, உட்புறம் சிவந்து, ஒரு பக்கமாக விரிந்துகொண்டு போனது. இரண்டாம் நாள் நிசாந்தினி தேத்தண்ணி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா, ஏன் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறீங்கள்?”

அவர் வாயைத் தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“படத்தைப் பாக்காதையும். போம் பிள்ளை, உள்ளை போம்,” என்று அவளைத் துரத்தினார்.

மூன்றாம் நாள் கோடு ஓர் இடத்தில் நின்றது. அதற்கு மேல் கை போகவில்லை. துணியின் வலப்பக்கம் கால்வாசி வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான், கேட்டதை எல்லாம் வைத்தாயிற்று. தூரிகையைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தார். மத்தியானம் வந்தது. காற்று விழுந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஒன்றும் கேட்கவில்லை. நிசாந்தினிக்கு நாள் வைத்தபிறகு முதல்தரம் ஒரு வெறும் மத்தியானம். குலசிங்கம் நிலத்தில் இருந்து சின்னப்பிள்ளைபோல அழுதார். அழுதுமுடிய எழும்பிப் போய், அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சறோஜினிதேவிக்கே ஆச்சரியம்.

கலியாணம் வேலணையில், கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வசீகரன் அனலைதீவுப் பிள்ளை. காலையில் அவர்கள் வள்ளத்தில் வந்து இறங்கிச் சேலைகளை உதறிக்கொண்டு சிரித்தபோதும், பலகாரத்தட்டங்களோடு உள்ளே வந்தபோதும் குலசிங்கம் முன்னால் நின்று வரவேற்றார். மேளம் பிரதாபன் கூட்டம். ஒருகாலத்தில் குலசிங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் தவில் வாசித்தவன்.

“அண்ணை, இண்டைக்கு எண்டாலும் ஒருக்காத் தவிலைத் தொடுங்கோவன். உங்கடை பிள்ளையின்ரை கலியாணமல்லே.”

“எனக்கு ஏலாது பிரதாபன். நீ வாசி. ஒண்டு மட்டும் சொல்லுறன். ஐயர் கையை உயர்த்தினால் ஆர் தடுத்தாலும் நில்லாதை.”

“அது நான் பாத்துக்கொள்ளுறன்.”

நாதஸ்வரம் எழும்பியது. தவில் பேசியது. குலசிங்கம் பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு மண்டபத்தில் நின்று மேளம் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, சறோஜினிதேவியோடு மணவறைக்கு ஓரமாக, பலகையிலேயே இருந்தார். நிசாந்தினி அவரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். கூறைச் சேலை மாற்றி வந்திருந்தாள். அழகாக இருந்தாள். முகூர்த்தத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோது குலசிங்கம் மேலே பார்த்தார்.

மணவறைக்கு மேலே வெள்ளையாக ஒரு மேற்கட்டி. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். அதன் ஒரு மூலையில் நீலமாக ஒரு பெருவிரல் அடையாளம்.

“சறோ,” என்றார். மேளத்தில் சறோஜினிதேவிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “சறோ, உந்தத் துணி?”

“உங்கடை கொட்டிலுக்குள்ளை கிடந்ததுதான். சோடனைக்காரர் மேற்கட்டிக்கு மினுங்கல் சீலை கொண்டுவந்தவங்கள். நான் வேண்டாமெண்டு சொல்லி, அதைத் தோய்ச்சுக் கஞ்சி போட்டுக் குடுத்தனான். கோடித்துணி, சும்மா கிடந்து வீணாப்போகுது. அந்த நீலந்தான் போகேல்லை.”

எழும்பவேண்டும். இதை நிறுத்தவேண்டும். ஆனால் முகூர்த்தம் நெருங்கி ஐயர் தாலியைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டி முடித்துவிட்டார். இந்த நேரத்தில் பெண்ணின் தகப்பனே எழும்பித் தடுத்தால், அதைவிட ஆகாத சத்தம் வேறு என்ன? அந்த மூன்று அட்சரத்தையும்தான் வரைந்தாயிற்றே. அது போய்விட்டதே. அப்படியே ஏதும் வந்தாலும் பிரதாபன் இருக்கிறான். மேளம் இருக்கிறது. குலசிங்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

வசீகரன் தாலியை எடுத்து நிசாந்தினியின் பின்னால் போய் நின்றான்.

ஐயர் கையை உயர்த்தினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

பிரதாபன் பிந்தவில்லை. கை இறங்கியது.

சத்தம் இல்லை.

தோல் அதிர்வது தெரிந்தது. கழி பறப்பது தெரிந்தது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி நின்றது. மண்டபத்தில் மின்விசிறி கரகரப்பது கேட்டது. யாரோ ஒரு பெண்ணின் வளையல் கேட்டது. வாழ்த்தி எறிந்த அறுகரிசி மணவறைப் பலகையில் பொலபொலவென்று விழுவது ஒவ்வொரு மணியாகக் கேட்டது. பிரதாபன் தன் கையைப் பார்த்தான். இன்னும் ஓங்கி அடித்தான். இன்னும். அவனுடைய முகம் வெளிறியது.

சிவப்பும் மஞ்சளும்.

ஆடியில் வரைந்தது. ஆடியில் யார் கலியாணம் வைக்கிறார்கள்? யார் கெட்டிமேளம் அடித்துப் பார்த்தார்கள்? நிசாந்தினியின் கட்டிலுக்கு நேரே அது மாட்டியிருக்கிறது. பரிசு.

குலசிங்கம் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று. ஒன்றுமில்லை.

இரண்டு. ஒன்றுமில்லை.

மூன்று. ஒன்றுமில்லை. அவர் வரைந்தது அவ்வளவும் போய்விட்டது. வலப்பக்கம் கால்வாசி வெள்ளை.

நான்கு.

வந்தது. அவர் அன்று அடித்து மூடிய இடத்திலிருந்து, விட்ட இடத்திலிருந்து, மிச்சம். அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவரும் கேட்டதில்லை. மேலேயிருந்து வந்தது. மென்மையாக இருந்தது. அவசரமே இல்லாமல் இருந்தது. அன்பாகக்கூட இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சபையில் ஒரு குழந்தை மேலே பார்த்தது. பிறகு தாய் பார்த்தாள். பிறகு எல்லோரும்.

குலசிங்கம் இரண்டு கைகளையும் உயர்த்திப் பலகையில் ஓங்கி அடித்தார். பதினொரு வருடமாக இறங்காத கை இறங்கியது. கூடு இல்லாத விரலால், கழி இல்லாத கையால், தெரிந்த வேகம் எல்லாம் சேர்த்துக் கெட்டிமேளம் அடித்தார். அடித்தார். அடித்தார். நகம் பிளந்தது. பலகையில் இரத்தம் பட்டது. ஒரு துளிச் சத்தம் வரவில்லை. வாயைத் திறந்து, பிள்ளை, பாக்காதை, மேலை பாக்காதை என்று கத்தினார். கத்தியது சபைக்கெல்லாம் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

நிசாந்தினி முகத்தை மெல்ல உயர்த்தினாள்.

மேற்கட்டியின் மேல் விழுந்து, துணிக்குள்ளால் நிழலாகத் தெரிந்த அரிசி மணிகள் ஒவ்வொன்றாக நடுவை நோக்கி உருண்டன. துணியின் நடு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. மேலே எதுவோ குனிவதுபோல.

அவளுடைய உதடு அசைந்தது.

“ஓம்,” என்றாள். “வாறன்.”

வசீகரன் மூன்றாம் முடிச்சைப் பிடித்தபடியே நின்றான். அவனுடைய விரல்களுக்குள்ளால் தாலிக் கயிறு மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. நிசாந்தினி எழும்பி நின்றாள். மருதோன்றி போட்ட இரண்டு பாதங்களும் குலசிங்கத்தின் கண்ணுக்கு நேரே இருந்தன. முதலில் குதிகள் எழும்பின. பிறகு பாதம். பெருவிரல்களின் நுனி மட்டும் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.